ஹோல்டன்பாக்கில் ஒரு நிமிடம் நிற்கும்

எசன் நகரத்துக்கு என்னைவிட மூன்று மணி நேரம் முன்னதாக என் சூட்கேஸ் போய்ச் சேர்ந்தது. அதில் சூட்கேஸ் மேல் ஒரு தப்பும் இல்லை.

திருச்சி ஜங்ஷனுக்குப் பின்புறத் தெருவில் முப்பது வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். வண்டி வரும் சத்தத்தை வைத்தே பாசஞ்சரா எக்ஸ்பிரஸா என்று சொல்லிவிடுவேன். அதனால் ரயில் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு. கிளம்பும்போது என் வீட்டுக்காரி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அங்க போய் எதையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க." இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள் சொன்னால் காரணம் இருக்கும்.

போன காரியம் சின்னது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தவர் சூசை. மன்னாரிலிருந்து அகதியாக வந்த கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்துதான் ஜெர்மனிக்குப் போனார்கள். அப்போது அஞ்சு வயசு நண்டாக இருந்து, என் கட்டிங் மெஷினுக்கு அடியில் விழும் காகித நாடாக்களைப் பொறுக்கி மாலை கட்டிய அவர் மகள் நிரோஷாவுக்கு அடுத்த தையில் கல்யாணம். "அண்ணை, கார்ட் உங்கடை பிரஸ்ஸிலைதான் அடிக்கோணும். நீங்களே கொண்டு வந்து தரோணும்" என்று சூசை போனில் சொன்னார். முந்நூறு பத்திரிகை அடித்து, சூட்கேஸில் அடுக்கி, விமானம் ஏறினேன்.

எசனுக்குப் போகும் ரயிலில்தான் கெட்டது. வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. நம் ஊர் வழக்கப்படி இறங்கிக் காலை நீட்டி, கையை உதறி, ஒரு பெருமூச்சு விட்டேன். மணி அடித்தது. கைக்கு எட்டிய கதவில் ஏறிக்கொண்டேன். உள்ளேயே நடந்து என் இடத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கு. நடந்தால் ஒரு இடத்தில் சுவர். அது ஒரே ரயில் இல்லையாம். இரண்டு ரயிலை மூக்கோடு மூக்கு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஹம் என்ற ஊரில் அதைப் பிரித்து, முன்பாதியை எசன் பக்கமும் பின்பாதியை வேறு பக்கமும் அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்கு எதிரே இருந்தவர் விஷயத்தை எனக்கு விளங்கவைக்க ரொம்பப் பாடுபட்டார். கடைசியில் கையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியைக் காட்டி "எசன்" என்றார். மறுபாதியைக் காட்டி என் நெஞ்சில் விரலை வைத்தார். பிறகு அந்தப் பாதியைத் தின்றுவிட்டார்.

அங்கே இறங்கி, இங்கே ஏறி, ஒருவழியாக எசன் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்தில் சூசை என் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தார். கோச் எண்ணை முன்பே சொல்லியிருந்ததால் ஏறிப் பார்த்திருக்கிறார். "சூட்கேஸ் வந்து களைப்பாறியிட்டுது அண்ணை. உங்களைத்தான் காணேல்லை" என்றார். பதினஞ்சு வருஷம் கழித்துப் பார்க்கிறோம். அழுதுவிடுவேனோ என்று பயந்திருந்தேன். சிரித்துத்தான் தொலைத்தோம்.

சூசைக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஜெர்மன்காரன் ரொட்டியில் காட்டும் வகையை நாம் சாம்பாரில்கூடக் காட்டுவதில்லை. ஆனால் அவர் வீட்டுக்குள் ஒரு துண்டு ரொட்டி கிடையாது. காலையில் புட்டும் மீன் குழம்பும், மத்தியானம் சோறு, மாலையில் மறுபடி புட்டு. கேட்டேன். "நாள் முழுக்கப் பாண் பாக்கிறவனுக்கு வீட்டிலையும் பாணைக் காட்டக் கூடாது அண்ணை" என்றார். நான் ஆட்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிற ஆள். அதையும் எழுதினேன். அவர் மனைவி றீற்றா எட்டிப் பார்த்து, "இதுகளையெல்லாம் எழுதாதேங்கோ அண்ணை, அந்தாளுக்குத் தலை வீங்கிப் போடும்" என்றார்.

பத்திரிகைக் கட்டைப் பிரித்ததும் நிரோஷா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "மாமா, உங்கடை வீட்டு மணம்!" மணமகள் படிக்காமல் முகர்ந்து பார்த்த பத்திரிகையை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. பிழை திருத்தம் பார்த்துக் கண் விழித்ததெல்லாம் வீண்.

மறுநாள் சனிக்கிழமை. "வாங்கோ, என்ரை ஸ்டேஷனைக் காட்டுறன்" என்றார் சூசை. என் ஸ்டேஷன் என்று ஒரு ரொட்டித் தொழிலாளி சொன்னால் யாருக்கும் கொஞ்சம் திகைப்பாக இருக்கும்.

எசனிலிருந்து ஒரு மணி நேரம். மலையும் காடுமான இடம். ஊர் பெயர் ஹோல்டன்பாக். அந்தக் காலத்தில் மலைக்கு மேலே கற்பலகை வெட்டும் குவாரி இருந்ததாம். கல்லை இறக்க ஒரு குட்டி ரயில், நம் ஊட்டி ரயிலுக்குத் தம்பி மாதிரி. குவாரி மூடினார்கள், ரயிலும் நின்றது, தண்டவாளத்தில் புல் முளைத்தது. பிறகு ஊர்க்காரர்கள் சிலர் சங்கம் வைத்து, புல்லைப் பிடுங்கி, எங்கிருந்தோ ஒரு நீராவி எஞ்சின் வாங்கி, கோடைக்கால ஞாயிறுகளில் ஓட்டுகிறார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. என்ஜினியரும் தபால்காரரும் பல் டாக்டரும் சாம்பல் பூசிய முகத்தோடு கரி அள்ளுகிறார்கள். ஒரு ஞாயிறு குடும்பத்தோடு உலாத்தப் போன சூசையும் குனிந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்திருக்கிறார். "ஏன் எதுக்கெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை. பின்னேரம் ஒரு கோப்பை சூப் தந்தினம்." அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆகிவிட்டது.

ஸ்டேஷனைப் பார்த்தேன். இடித்துத் தள்ளிய வேறொரு ஸ்டேஷனிலிருந்து கழற்றி வந்த தகரக் கூரை. தானமாக வந்த கடிகாரம். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பழைய தேவாலயத்துக் கதவுப் பலகை. பிளாட்பாரத்துக் கற்களில் முக்கால்வாசியைப் பதித்தது சூசை. பச்சைப் பெஞ்சு ஒன்று அழகாக இருந்தது. "எங்க ஊர்ல பெஞ்சுன்னா..." என்று ஆரம்பித்துக்கொண்டே உட்கார்ந்தேன். பெயிண்டு காயவில்லை. மூன்று பச்சைக் கோட்டோடு எழுந்தேன். சங்கத்து ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பிரஷோடு வந்து, என் பின்புறம் எடுத்துக்கொண்ட இடத்தில் மறுபடி அடித்துவிட்டுப் போனார்.

சங்கத் தலைவர் ப்ரூக்மன் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எழுபது வயது, நிமிர்ந்த முதுகு, கழுத்தில் ஸ்டாப் வாட்ச். எனக்கு ஒரு கோப்பை சூப் கொடுத்து, இரண்டு மணி நேரம் படங்கள் காட்டினார். கூட வந்திருந்த நிரோஷா மொழிபெயர்த்தாள். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்று ஒரு நாடு இருக்கிறதே, அங்கே இதே மாதிரி கற்பலகைக் குட்டி ரயில்கள் நிறையவாம். அதில் ஒன்று ரொம்ப காலம் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கிடந்து, ஆள் வராமல் தவித்திருக்கிறது. ஸ்டேஷனையே நகர்த்திப் பெரிய ரயில்வே பிளாட்பாரத்துக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார்களாம். பெரிய ரயிலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் குட்டி ரயில். அந்தப் படத்தின் மேல் ப்ரூக்மன் விரல் படவிடவில்லை, சாமி படம் மாதிரி ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஹோல்டன்பாக்கில் ஸ்டேஷனை நகர்த்தவே தேவையில்லை. பெரிய லைன் நாற்பது எட்டு தூரத்தில்தான் போகிறது. ஆனால் ரயில் நிற்காது. பல வருஷத்துக்கு முன்னாலேயே அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். கார் இருப்பவன் வருவான், இல்லாதவன் அடுத்த ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் நடக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் சூசை நடந்தேதான் வந்திருக்கிறார்.

"உங்களுக்கு ஏன் இதுல இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டேன்.

"என்ரை அப்பா தலைமன்னார் துறையிலை வேலை செய்தவர் அண்ணை. கொழும்பு ரயில் வந்து நிக்கும். ஆக்கள் இறங்கிக் கப்பலேறி உங்கடை ராமேஸ்வரம் வருவினம். அங்கையிருந்து திரும்பக் கப்பல் வர எவ்வளவு சுணங்கினாலும் ரயில் பாத்துக்கொண்டு நிக்கும். பிறகு கப்பல் நிண்டிட்டுது. பிறகு ரயில் நிண்டிட்டுது. பிறகு சண்டையிலை தண்டவாளமே இல்லை." சூசை பிளாட்பாரத்துக் கல் ஒன்றைச் செருப்பால் தட்டிப் பார்த்தார். "ரயில் வந்து நிண்டால்தான் அண்ணை அது ஸ்டேஷன். நிக்காட்டில் வெறும் கட்டடம்."

இதை நோட்டில் எழுத எனக்குக் கை போகவில்லை.

சங்கம் வருஷக்கணக்காக மனு மேல் மனு போட்டு, அந்தக் கோடையில்தான் ரயில் நிர்வாகம் இறங்கி வந்திருக்கிறது. பெரிய லைனில் சின்னதாக ஒரு பிளாட்பாரம் கட்டிக்கொள்ளலாம். ஆறு ஞாயிற்றுக்கிழமை பரீட்சார்த்தமாக ரயில் நிற்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடம். அந்தப் பாதை ஒற்றைப் பாதை. எசன் பக்கம் அடுத்த ஸ்டேஷனில் எதிர் ரயில் கிராஸிங்குக்குக் காத்திருக்கும். இது தாமதித்தால் அதுவும் தாமதம். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மாள் வருகிறார். ஆறு ஞாயிறும் பார்த்துவிட்டு நிரந்தரமா இல்லையா என்று முடிவு.

ஐந்து ஞாயிறு முடிந்திருந்தது. நேரம் பிசகவில்லை. ஆனால் ஏறி இறங்கியவர்கள் ஐந்து பேர், ஏழு பேர். ஒரு ஞாயிறு ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும். இப்படியே போனால் ஆள் இல்லை என்று மூடிவிடுவார்கள். ப்ரூக்மன் முகம் தொங்கிப் போயிருந்தபோது சூசை வாயைத் திறந்திருக்கிறார்: "கடைசி ஞாயிறு எங்கடை ஆக்களை நான் கொண்டு வாறன்."

நாளைதான் அந்தக் கடைசி ஞாயிறு.

சூசை விடியற்காலையே காரில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். மற்ற நாற்பத்திரண்டு பேர் எசனில் ரயிலேறினோம். சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, பட்டுச்சேலை கசங்காமல், ஐந்து தள்ளுவண்டிக் குழந்தைகள், மூன்று பெரிய சட்டி புரியாணி, இரண்டு அட்டைப்பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ். சூசை பத்து நாளாகப் போனில் பயிற்சி கொடுத்திருந்தார். ஒரு கதவுக்குப் பத்துப் பேர், சட்டிகள் முன்னால், தள்ளுவண்டி பின்னால், இறங்கிய பிறகுதான் கதை. ஹோல்டன்பாக் வந்தது. கதவு திறந்தது. சட்டிகள் கைமாறிக் கைமாறி, வாளி வாளியாகத் தீயணைப்பது போல் பிளாட்பாரத்தில் இறங்கின. கடைசியாக நான். கதவு மூடியது. ப்ரூக்மன் ஸ்டாப் வாட்சைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். ஐம்பத்திரண்டு விநாடி. கையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது கூத்தாடுவதற்குச் சமம் என்று நிரோஷா சொன்னாள்.

பீலெஃபெல்டிலிருந்து சூசையின் சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்து சேர்ந்துகொண்டார்கள். குட்டி ரயிலில் மலை ஏறினோம், இறங்கினோம். பல் டாக்டர் எஞ்சினுக்குக் கரி போட்டார். குவாரி வாசலில் புரியாணி. ஜெர்மன்காரர்கள் முதலில் ஒழுங்காக வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு ரோல்ஸ் எடுத்தார்கள். இரண்டாவது தடவை வரிசை கொஞ்சம் கலைந்தது. மூன்றாவது தடவை தபால்காரர் பெட்டிக்குள் நேரடியாகக் கைவிட்டார். "இப்ப எங்கடை ஆள்" என்றார் றீற்றா.

நிர்வாகத்து அம்மாள், லிண்ட்னர் என்று பெயர், ஒரு ஓரமாக உட்கார்ந்து தான் கொண்டு வந்த ஆப்பிளைத் தின்றார். றீற்றா தட்டை நீட்டியதற்கு, வேலை நேரத்தில் எதுவும் வாங்கக் கூடாது என்று கையை ஆட்டிவிட்டார்.

இனி மாலை ரயில்தான் கண்டம். ஏறுவது பிரச்சினை இல்லை, வழியனுப்புவதுதான் பிரச்சினை. வேனில் வந்தவர்கள் பிளாட்பாரத்தில் நிற்பார்கள். ரயிலேறுகிறவர்களை அவர்கள் சும்மா அனுப்புவார்களா? கையைப் பிடித்து, குழந்தையைக் கொஞ்சி, மிச்சப் புரியாணியைத் திணித்து, வேண்டாம் என்று இவர்கள் தள்ள, ரயில் மூன்று ஊர் தாண்டியிருக்கும். சூசை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

"ரொம்ப சுலபம் சூசை. ரயில் அஞ்சு பன்னெண்டுக்குத்தானே? நாலு மணிக்கே எல்லாரும் விடைபெற்று முடிச்சிடுவோம். அப்புறம் பிளாட்பாரத்துல யாரும் யார்கிட்டயும் பேசக் கூடாது. கூட்டத்தை நான் பார்த்துக்கறேன்."

நாலு மணிக்குக் கைதட்டி அறிவித்தேன். "எல்லாரும் இப்ப போயிட்டு வர்றேன் சொல்லிக்குங்க!" சொன்னார்கள். பிரமாதமாகச் சொன்னார்கள். கண் கலங்கியவர்கள்கூட உண்டு. நாலு இருபதுக்கு முடிந்தது. முடிந்த பிறகு அவர்களுக்கு ஒரு மணி நேரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா நிற்க முடியுமா? பேச்சு தொடங்கியது. பேச்சு என்றால் நிலம், கல்யாணம், யாருக்கு யார் என்ன முறை. ஐந்து மணிக்குள் எல்லோரும் புதிதாகச் சந்தித்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நாலு மணிக்குச் சொன்ன விடை காலாவதியாகிவிட்டது. "விடைபெற்றாச்சு, விடைபெற்றாச்சு" என்று நான் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். பீலெஃபெல்ட் ஆள் ஒருவர், "அது பழைய விடையெல்லோ அண்ணை" என்றார்.

இருந்தாலும் மிரட்டிக் கெஞ்சி, கதவுக்குப் பத்துப் பேராக நிறுத்திவிட்டேன். ரயில் வந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று டிரைவருக்குக் கை காட்டி விசில் ஊதுவது சூசையின் பொறுப்பு. சிவப்புத் தொப்பியும் விசிலுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றார். கதவு திறந்தது. ஒருவர் பேசவில்லை. சட்டி, தள்ளுவண்டி, சேலை, வேட்டி எல்லாம் உள்ளே. முப்பத்தைந்து விநாடிக்குள் நாற்பத்தொரு பேர் ஏறிவிட்டார்கள். கடைசி ஆளாக நான் படியில் கால் வைத்தேன். பெருமை தாங்கவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ப்ரூக்மன் நின்றுகொண்டிருந்தார். நாலு மணிக்கு நாங்கள் விடைபெற்றபோது அவர் எஞ்சின் கொட்டகையில் இருந்தார். அவரிடம் நான் சொல்லிக்கொள்ளவே இல்லை. என்னைவிடப் பெரியவர். சூப் கொடுத்தவர். இரண்டு மணி நேரம் படம் காட்டியவர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுவதா?

இறங்கிவிட்டேன்.

நேரே போய் அவர் வலது கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஐயா, போயிட்டு வர்றேன். உடம்பைப் பார்த்துக்குங்க." அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது, ஆகவே இரண்டு மூன்று தடவை சொன்னேன். அந்தக் கையில்தான் ஸ்டாப் வாட்ச் இருந்தது. என் பிடியில் அது கிளிக் என்று நின்றுபோனது.

"மாமா! ஏறுங்கோ!" என்று நிரோஷா கத்தினாள். ஆனால் நான் இறங்கியதைத் தடை நீங்கியதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். றீற்றா இறங்கி பீலெஃபெல்ட் மச்சாளைக் கட்டிப்பிடித்தார். அந்த மச்சாள் புரியாணிப் பொட்டலத்தை நீட்டினார். ஒருவர் குழந்தையை முத்தத்துக்காக இறக்கினார். மூடப்போன கதவுகள் ஆளைக் கண்டு மறுபடி மறுபடி திறந்தன. டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார். நான் சூசையைப் பார்த்தேன். விசில் வாயில் இருந்தது, கன்னம் உப்பியிருந்தது, ஆனால் ஊதவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே விசில் ஊத அந்த மனிதருக்கு மனம் வரவில்லை.

எப்படியோ ஏறினோம். எத்தனை நிமிடம் போனது என்று ப்ரூக்மனின் கடிகாரத்துக்குத் தெரியாது. லிண்ட்னர் அம்மாளின் கடிகாரத்துக்குத் தெரியும். எங்கள் பெட்டியில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஸ்டேஷனில் எதிர் ரயில் காத்து நின்றது. அதன் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். அத்தனை முகமும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பத்தொரு பேரில் ஒருவர் பேசவில்லை. நாலு மணியிலிருந்து நான் கெஞ்சிய மௌனம் அப்போதுதான் கிடைத்தது.

லிண்ட்னர் அம்மாள் பேனாவை மூடிவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். நிரோஷா சொன்னாள்: "ஏன் இறங்கினீங்கள் எண்டு கேக்கிறா."

"பெரியவர்கிட்ட சொல்லாம எப்படிம்மா வர்றது?"

நிரோஷா மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் யோசித்தார். "உங்கள் ஊரில் வழக்கமாக இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "சுருக்கமா முடிச்சா இருபது நிமிஷம்" என்றேன்.

பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார். ரயில் எசனை நெருங்கியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்து, வேலை நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்து, றீற்றாவிடம் ஒரு ரோல்ஸ் கேட்டார். உறைப்பில் கண்ணெல்லாம் நீர். இன்னொன்று கேட்டார். இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த பத்து நாள் என் வாழ்க்கையிலேயே நீளமானவை. சூசை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வேலைக்குப் போனார், வந்தார், "சாப்பிட்டீங்களே அண்ணை?" என்று கேட்டார். ஒரு மாலை பால்கனியில் சிவப்புத் தொப்பியைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவதைப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இறங்கியது. றீற்றாவின் மீன் குழம்பு அப்படி.

மனசு கேட்காமல் ரயில் நிர்வாகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது, சூசை நேர்மையான மனிதர், நான் திருச்சிக்காரன், கொஞ்ச நாளில் போய்விடுவேன், அவரைத் தண்டிக்காதீர்கள் என்று நாலு பக்கம். நிரோஷா அதை ஜெர்மனில் ஆக்கினாள். ஆறு வரி வந்தது.

"மிச்சம் எங்கம்மா?"

"மிச்சம் முழுக்க நலம் விசாரிப்பு மாமா. அவைக்கு வேலையிருக்கு."

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு மாலை அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ப்ரூக்மன். டை கட்டியிருந்தார். றீற்றா பதறிப்போனார்: "ஜெர்மன்காரன் டெர்மின் இல்லாமல் வந்தால் ஆரோ செத்திட்டினம் எண்டு அர்த்தம் அண்ணை." முன்கூட்டி நேரம் குறிக்காமல் அந்த மனிதர் தன் தங்கை வீட்டுக்குக்கூடப் போனதில்லையாம்.

உட்கார மறுத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்து நின்றபடியே படித்தார். நிரோஷா வரிக்கு வரி சொன்னாள். ஐந்து ஞாயிறு நேரம் தவறவில்லை. ஆறாவது ஞாயிறு மூன்று நிமிடம் பத்து விநாடி தாமதம், எதிர் ரயிலும் தாமதம். நேரில் கண்ட அதிகாரியின் குறிப்பு: முதல் ஐந்து ஞாயிறும் சோதிக்கப்பட்டது ரயில் மட்டுமே; பயணிகள் சோதிக்கப்பட்டது கடைசி ஞாயிறுதான். இந்த நிறுத்தத்தில் மனிதர்கள் ஏறி இறங்குவார்கள் என்பது தெரிகிறது. அவர்களுக்கு ஒரு நிமிடம் போதாது என்பதும் தெரிகிறது. ஆகவே அடுத்த கோடையிலிருந்து ஞாயிறுதோறும் ரயில் ஹோல்டன்பாக்கில் நிரந்தரமாக நிற்கும். எதிர் ரயிலின் நேரம் அதற்கேற்ப மாற்றப்படும். நிறுத்த நேரம் மூன்று நிமிடம்.

சூசை கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். திருப்பிக் கொடுத்தார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தம் நிற்கும்வரை ப்ரூக்மனும் நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சந்தோஷமும் எரிச்சலும் சரிபாதி. "நான் கேட்டது ஒரு நிமிடம். உங்களால் இரண்டு நிமிடம் அதிகமாக வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?"

ரோல்ஸ் கொடுத்தோம். உட்கார்ந்தார். போகும்போது வாசலில் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார், முன்யோசனையோடு கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் போன் அடித்தது. சூசை.

"அண்ணை, இண்டைக்கு ரயில் நிண்டது."

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"ரெண்டே பேர். ஒரு வயசாளியும் மனுசியும். பத்து செக்கனிலை ஏறியிட்டினம்."

"அப்புறம்?"

"பிறகென்ன? மூண்டு நிமிஷத்திலை மிச்சம் அப்பிடியே கிடக்கு. ரயில் நிக்குது. நான் விசிலோடை நிக்கிறன். ட்ரைவர் ஜன்னலாலை தலையை நீட்டி என்னைப் பாக்கிறார், நான் அவரைப் பாக்கிறன். 'இப்ப என்ன செய்யிறது?' எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கதைப்பம் எண்டன்."

முதல் நிமிடம் மழையைப் பற்றிப் பேசினார்களாம். இரண்டாவது நிமிடம் டிரைவர் தன் மகளைப் பற்றி ஆரம்பித்தாராம்; அவள் வீட்டில் சொல்லாமல் யாரையோ கட்டப்போகிறாளாம். முக்கியமான இடம் வரும்போது நேரம் முடிந்துவிட்டது.

"விசில் ஊதினீங்களா சூசை?"

"ஊதாமல் ஏலுமே அண்ணை? எதிர் ரயில் பாத்துக்கொண்டெல்லோ நிக்கும். நல்லா ஊதினன். மிச்சத்தை வாற ஞாயிறு சொல்லுறன் எண்டு கத்திக்கொண்டு போறார்."